கடை இல்லாத ஊரிலிருந்து லெகோ சேகரிக்க: பெரியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பாகாவ், லாபீஸ் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் இருந்துகொண்டு, பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகளான லெகோவைச் சேகரிக்கத் தொடங்கும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி, ‘அருகிலுள்ள கடைக்குப் போய்ப் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள்’ என்று ஆரம்பிக்கின்றன. நம் அருகிலுள்ள கடையில் மண்வெட்டியும் உரமூட்டையும்தான் கிடைக்கும். நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இங்கே பெட்டியைத் தொடாமல், விற்பவரின் முகத்தைப் பார்க்காமல், செம்பனைக்கு நடுவே இருக்கும் வீட்டுக்குப் பொருளை வரவழைக்க வேண்டும். கடைக்காரரிடம் நேரில் பேசித் தீர்க்க வேண்டியதை எல்லாம் ரசீதும் படமும் காணொளியும் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே எந்த செட் (ஒரு மாதிரியைக் கட்டத் தேவையான துண்டுகள் அடங்கிய பெட்டி) அழகு என்பதை உங்கள் கண்ணுக்கு விட்டுவிட்டு, வாங்குவது, வரவழைப்பது, பாதுகாப்பது, தகராறு வந்தால் எங்கே போவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. எதைச் சேர்க்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

லெகோவில் பிரிவுகள் ஏராளம். கையடக்கக் கார்களுக்கு ஸ்பீட் சாம்பியன்ஸ், பல்சக்கரமும் அச்சாணியும் உள்ள இயந்திரங்களுக்கு டெக்னிக், பூக்களுக்கும் செடிகளுக்கும் பொட்டானிக்கல்ஸ், பெரியவர்களுக்கான பெரிய மாதிரிகளுக்கு ஐகான்ஸ். தொடக்கத்தில் ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிடித்ததை எல்லாம் வாங்குவேன்’ என்று கிளம்புகிறவர்களின் அலமாரியும் வங்கிக் கணக்கும் ஒரே ஆண்டில் மூச்சுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் 18+ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 2020 முதல் பெரியவர்களுக்கான செட்டுகளில் அதை அச்சிடுகிறார்கள். இது யாருக்காகச் செய்தது என்பதைச் சொல்லும் அடையாளம்தான். ‘பிள்ளைக்கா வாங்குகிறீர்கள்?’ என்று கேட்கும் உறவினரிடம் அந்த எண்ணைக் காட்டலாம். மாமியாரிடம் அது எடுபடாது.

செட்டின் பெயரைவிட எண் முக்கியம். ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு அல்லது ஐந்து இலக்க எண் இருக்கும். ஆர்கிட் செடி 10311, பொன்சாய் மரம் 10281. தேடும்போதும், விலை ஒப்பிடும்போதும், விற்பவரிடம் பேசும்போதும் எண்ணையே சொல்லுங்கள். பெயரைப் போட்டுத் தேடினால் நகல் பொருள்களும் சேர்ந்து வந்து குவியும்.

ஒரு செட் கடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு இருக்கும். சில இன்னும் நீளும், சில சீக்கிரமே போய்விடும். உற்பத்தி நின்றபின் விலை ஏறுவது வழக்கம் என்பதால், ‘அடுத்த மாதம் நிற்கப்போகிறது’ என்று விற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். அந்தப் பேச்சுக்காக மட்டும் வாங்காதீர்கள். உங்கள் பட்டியலில் முன்பே இருந்த செட் என்றால் சரி, இல்லையென்றால் போகட்டும்.

2. துண்டுக் கணக்கைப் பாருங்கள், ஆனால் அளந்து பாருங்கள்

விலையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பது சேகரிப்பாளர்களின் பழைய பழக்கம். மலேசியாவில் ஒரு துண்டுக்கு 40 முதல் 60 சென் வரை வந்தால் நான் நியாயம் என்று எடுத்துக்கொள்கிறேன். திரைப்பட உரிமை வாங்கிச் செய்த செட்டுகளில் இது கூடும்.

ஆனால் இந்தக் கணக்கு ஏமாற்றும். உலக வரைபடம் என்ற செட்டில் 11,695 துண்டுகள். கேட்டால் மலைப்பாக இருக்கும். திறந்து பார்த்தால் பெரும்பாலானவை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய வட்டத் துண்டுகள். டெக்னிக் செட்டில் பெரிய பலகைகளும் சக்கரங்களும் இருப்பதால் துண்டு குறைவாக இருந்தாலும் பொருள் அதிகம். ஆர்கிட் செட்டில் 608 துண்டுகள், பொன்சாயில் 878. புதியவர்கள் இந்த அளவில் தொடங்குவது நல்லது. ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும், மேசை மூலையிலேயே நிற்கும்.

நீள அகலத்தையும் படித்துவிடுங்கள். டைட்டானிக் கப்பல் 9,090 துண்டு, கட்டி முடித்தால் 135 சென்டிமீட்டர் நீளம். ஐஃபல் கோபுரம் 10,001 துண்டு, 149 சென்டிமீட்டர் உயரம். தாமான் வரிசை வீட்டில் அந்தக் கோபுரத்தை எங்கே நிறுத்துவது? காற்றாடிக்கு நேர் கீழே வைக்க முடியாது. வரவேற்பறையின் நல்ல மூலையில் ஏற்கெனவே சாமி மேடை இருக்கும்.

மாத வரம்பு ஒன்றைக் குறித்துக்கொண்டு, அதில் பத்தில் இரண்டு பங்கை அனுப்பும் செலவுக்கும் அலமாரிக்கும் ஒதுக்குங்கள். தீபாவளி போனஸ் வரும் நேரத்தில்தான் 10.10, 11.11 விற்பனைகளும் வரும். பட்டியல் கையில் இருப்பவருக்கு அது மலிவு. இல்லாதவருக்கு அது பொறி. ‘இப்போது வாங்கி, பிறகு கட்டுங்கள்’ என்னும் தவணை வசதியைப் பொம்மைக்குப் பயன்படுத்தாதீர்கள். மூன்று செட்டின் தவணைகள் ஒன்றாக ஓடும்போது எந்த மாதம் எதைக் கட்டுகிறோம் என்பதே மறந்துபோகும்.

3. எங்கே வாங்குவது

முதல் வழி, நேரில் போவது. கோலாலம்பூர் போன்ற பெருநகரப் பேரங்காடிகளில் லெகோவின் சான்று பெற்ற கடைகள் இருக்கின்றன. ஜொகூரில் இஸ்கண்டார் புத்ரியில் 2012 செப்டம்பரில் திறக்கப்பட்ட லெகோலேண்டிலும் பெரிய கடை உண்டு. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஈப்போ அருகில், ஆனால் அங்குள்ள பொம்மைக் கடைகளில் தேர்வு குறைவு, பெரும்பாலும் சிறுவர் செட்டுகள். கோலாலம்பூர் போக வேண்டுமென்றால் சுங்கை சிப்புட் நிலையத்திலேயே ஈடிஎஸ் ரயில் ஏறலாம். எல்லா வண்டியும் இங்கே நிற்கும் என்று நம்பிப் போகாமல் அட்டவணையைப் பாருங்கள். விடுமுறைக் காலத்தில் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள். பெரிய பெட்டியோடு நிலையத்தில் தங்கிப்போவது இன்பமான அனுபவம் அல்ல. ரயில் கட்டணமும் சாப்பாடும் சேர்த்தால், ஒரு சிறிய செட்டுக்காகப் போவது நட்டம். மூன்று நான்கு செட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வேறு வேலையோடு போய் வந்தால்தான் கட்டுப்படியாகும்.

இரண்டாவது வழி, ஷொப்பீ அல்லது லசாடாவில் உள்ள அதிகாரபூர்வக் கடை. கடைப்பெயருக்குப் பக்கத்தில் ‘மால்’ என்னும் அடையாளம் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இதுதான் தலைவலி குறைந்த வழி. உங்கள் பணம் பொருள் வந்து சேரும்வரை தளத்திடம் இருக்கும்.

மூன்றாவது, தனியாள் விற்பனை: கேரொசெல், முடா, முகநூல் சந்தை. விலை குறையும், ஆபத்து கூடும். இதைப் பற்றி ஏழாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான்காவது, பிரிக்லிங்க். உலகெங்கும் உள்ள சிறு விற்பனையாளர்கள் துண்டு துண்டாகவும் செட்டாகவும் விற்கும் தளம். 2019இல் லெகோ நிறுவனமே இதை வாங்கிவிட்டது. தொலைந்த ஒரு துண்டு, நின்றுபோன ஒரு செட், மினிஃபிகர் என்னும் குட்டி மனிதப் பொம்மைகளில் குறிப்பிட்ட ஒன்று வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

முகநூலில் ‘கிடங்கு காலி, எல்லா லெகோவும் 29 ரிங்கிட்’ என்று வரும் விளம்பரத்தைத் தொடவே தொடாதீர்கள். அந்தக் கடை இருக்காது. அட்டை எண்ணை வாங்கிக்கொள்ளத்தான் அந்தப் பக்கம் இருக்கிறது.

நகல் பற்றி ஒரு வார்த்தை. கட்டையின் அடிப்படை வடிவத்துக்கான காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் லெகோவோடு பொருந்தும் துண்டுகளை மற்றவர்கள் செய்வது திருட்டு அல்ல. போலந்தின் கோபி போன்ற நிறுவனங்கள் சொந்த வடிவமைப்புகளை விற்கின்றன, சில நன்றாகவே இருக்கின்றன. லெகோவின் செட்டையும் பெட்டியையும் அப்படியே பிரதி எடுத்து விற்பது வேறு கதை. அதைத் தெரிந்தே வாங்குகிறவரோடு நான் சண்டை போடப் போவதில்லை. ஆனால் அசல் துண்டுகளோடு அதைக் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது நரக வேலை, மறுவிற்பனையிலும் ஒருவரும் வாங்க மாட்டார்கள். அசலை அறிவது எளிது: கட்டையின் மேலுள்ள ஒவ்வொரு குமிழிலும் லெகோ என்று பொறித்திருக்கும்.

4. பணம் கட்டும் முன் சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

கைத்தொலைபேசியில் செட் எண்ணைப் பெயராக வைத்து ஒரு கோப்புறை திறந்துகொள்ளுங்கள். அதற்குள் போக வேண்டியவை:

- விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு: விலை, ‘புதியது’ அல்லது ‘பழையது’ என்ற குறிப்பு, அனுப்பும் ஊர் மூன்றும் தெரிய வேண்டும். பொருள் விற்றதும் சிலர் பக்கத்தை அழித்துவிடுவார்கள்.
- விற்பவரோடு நடந்த உரையாடல். தளத்தின் உரையாடல் பெட்டிக்குள்ளேயே பேசுங்கள். ‘வாட்ஸ்அப்பில் வாருங்கள், விலை குறைத்துத் தருகிறேன்’ என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.
- பணம் கட்டிய ரசீது. வங்கி மாற்றம் என்றால் பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும்.
- கூரியர் கண்காணிப்பு எண்.

தனியாளுக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்புவதென்றால், அதற்கு முன் காவல் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அவருடைய கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். மோசடிப் புகார் இருந்தால் காட்டும். இலவசம், ஒரு நிமிட வேலை. அங்கே ஒன்றும் வராததால் ஆள் நல்லவர் என்று பொருளாகாது. புகார் இன்னும் வரவில்லை, அவ்வளவே.

இன்னொன்று, பலரும் கேட்பதால்: வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவுக்குள் லெகோ வராது. புத்தகம், கணினி, கைத்தொலைபேசி, இணையக் கட்டணம் போன்றவை வரும், பொம்மை வராது. ரசீதை உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறீர்கள், வரி அலுவலகத்துக்காக அல்ல.

5. முகவரியும் கூரியரும்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பட்டணத்துக்காரர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, நமக்கு இதில்தான் பாதிப் பெட்டி தொலைகிறது.

எங்கள் ஊரின் அதிகாரபூர்வப் பெயர் சுங்கை சிப்புட் உத்தாரா, அஞ்சல் குறியீடு 31100. செயலியில் அஞ்சல் குறியீட்டைப் போட்டதும் ஊர்ப் பெயர் தானாக வந்தால் அதை மாற்றாதீர்கள். தோட்டத்துக்குள் இருப்பவர்கள் தோட்டத்தின் பெயர், பிரிவு, வீட்டு எண் ஆகியவற்றோடு, ‘தமிழ்ப்பள்ளிக்கு எதிரே’, ‘கோயில் தாண்டி இடது பக்கம்’ என்பது போன்ற ஓர் அடையாளத்தையும் மலாயில் எழுதுங்கள். ஓட்டுநர் பெரும்பாலும் வெளியூர்க்காரராக இருப்பார், தமிழ்ப் பெயரோ பழைய ஆங்கிலத் தோட்டப் பெயரோ அவருக்குப் பிடிபடாது. பல தோட்டங்களின் பெயர் முதலாளி மாறும்போதே மாறியிருக்கிறது. எது வரைபடத்தில் இருக்கிறதோ அதை எழுதுங்கள், தாத்தா சொன்ன பெயரை அல்ல.

தோட்ட அலுவலகத்தில் எல்லாருக்கும் வரும் அஞ்சலை மொத்தமாக வாங்கி வைக்கும் வழக்கம் இருந்தால், கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஐந்நூறு ரிங்கிட் பெட்டி, உர மாதிரிகளுக்கு நடுவே ஒரு வாரம் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். சொல்லி வைத்தால் கிராணியே அழைத்துச் சொல்வார். தைப்பூசத்துக்கு முந்திய வாரம் சொன்னால் மறந்துவிடுவார்.

கைத்தொலைபேசி அலைவரிசை சரியாக எட்டாத இடம் என்றால் வீட்டு முகவரியே வேண்டாம். மூன்று மாற்று வழிகள்: நீங்கள் வேலை செய்யும் இடம், பட்டணத்தில் உங்களுக்குத் தெரிந்த மளிகைக் கடை, அல்லது பணம் கட்டும் பக்கத்திலேயே தேர்ந்தெடுக்கக்கூடிய பெற்றுக்கொள்ளும் நிலையம். மளிகைக் கடை என்றால் அவ்வப்போது அங்கேயே சாமான் வாங்குங்கள், அது மரியாதை. நிலையம் என்றால் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று பாருங்கள். தாண்டினால் பெட்டி திரும்பிப் போய்விடும்.

‘ஒப்படைக்கப்பட்டது’ என்று செயலி சொல்லியும் கையில் பெட்டி இல்லையென்றால், அன்றே ஒப்படைத்த படத்தைக் கேளுங்கள். யாருடைய வாசற்படி என்று படத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு ஒருமுறை வந்த படத்தில் இரண்டு வரிசை தள்ளியிருக்கும் வீட்டு நாய் பெட்டியின் மேல் படுத்திருந்தது. அடையாளம் காண ஒரு நொடிகூட ஆகவில்லை.

காலக் கணக்கு: கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பொதுவாக இரண்டு முதல் ஐந்து நாள். பெரிய விற்பனை நாள்களிலும் நோன்புப் பெருநாளை ஒட்டியும் இன்னும் நீளும். பிறந்தநாள் பரிசு என்றால் இரண்டு வாரம் முன்னதாகப் போடுங்கள்.

6. பெட்டி வந்த அன்று

கத்தியை எடுக்கும் முன் கைத்தொலைபேசியை எடுங்கள். வெளி உறையின் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, ஆறு பக்கங்களையும் காட்டி, வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காணொளி எடுங்கள். நடுவில் நிறுத்திய காணொளியைச் சில விற்பனையாளர்கள் ஏற்க மறுப்பார்கள். லெகோ பெட்டியின் ஒட்டு ஓரங்களை நெருக்கமாகக் காட்டுங்கள். மறுபடி ஒட்டிய பெட்டியில் அட்டையின் மேல் தோல் கிழிந்திருக்கும், அல்லது ஒட்டுநாடா இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே இருக்கும் எண்ணிட்ட பைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். 1, 2, 4, 5 என்று இருந்தால் 3 எங்கே என்று காணொளியிலேயே தேடுங்கள்.

பை எண்ணி முடியும்வரை ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற பொத்தானைத் தொடாதீர்கள். அதைத் தொட்டதும் பணம் விற்பவருக்குப் போகும், உங்கள் பிடி தளரும். திருப்பிக் கேட்கும் காலக்கெடு ஆர்டர் பக்கத்திலேயே இருக்கும், தேதியைச் சுவர் நாள்காட்டியில் எழுதுங்கள்.

கட்டும்போது ஒரு துண்டு குறைந்தால் பதறாதீர்கள். பத்தில் ஒன்பது தடவை அது பையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பாயின் கீழ் போயிருக்கும். மாறாக, கடைசியில் சில சிறிய துண்டுகள் மிஞ்சுவது இயல்பு. சிறியவை தொலையும் என்று கூடுதலாகவே போடுகிறார்கள். உண்மையாகவே குறைந்தால், விளக்கக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாத் துண்டுகளின் படமும் எண்ணும் இருக்கும். செட் எண், துண்டு எண் இரண்டையும் எடுத்துக்கொண்டு லெகோவின் இணையத்தளத்தில் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். புதிய செட் என்றால் இலவசமாக அனுப்புவார்கள். வந்து சேரச் சில வாரம் ஆகும். அதுவரை அந்த இடத்தில் வேறு நிறத் துண்டைப் பொருத்தி முன்னேறலாம்.

கையேடு நனைந்துவிட்டால் கவலை வேண்டாம், பிடிஎஃப் வடிவில் லெகோவின் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது.

7. பழைய செட் வாங்கும்போது

இங்கேதான் மலிவும் மோசடியும் ஒன்றாக இருக்கின்றன. பேச்சைத் தொடங்கும் முன் ஒரு படம் கேளுங்கள்: செட்டின் பக்கத்தில் ஒரு தாளில் உங்கள் பெயரும் இன்றைய தேதியும் கையால் எழுதி வைத்து எடுத்த படம். தர மறுப்பவரிடம் பொருள் இல்லை. ‘வேறொருவர் ஏற்கெனவே முன்பணம் கட்டத் தயார்’ என்பவரிடம், அவருக்கே விற்றுவிடச் சொல்லுங்கள்.

பிறகு கேட்க வேண்டியவை: எல்லாத் துண்டும் இருக்கிறதா, கையேடும் பெட்டியும் உண்டா, ஒட்டுப்படங்கள் ஒட்டியாகிவிட்டனவா, வீட்டில் புகைப்பிடிப்பவர் உண்டா, வெயிலில் வைத்திருந்தார்களா. இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். வெள்ளையும் பழைய சாம்பலும் வெயில் பட்டால் மஞ்சளித்துவிடும். பழைய பழுப்பு, அடர் சிவப்புத் துண்டுகளுக்கு வேறு நோய்: பிரிக்கும்போதே பட்டென்று உடையும். இந்த நிறங்கள் நிறைய உள்ள பழைய கோட்டை, மரக்கப்பல் செட்டுகளைக் கட்டிய நிலையிலேயே வாங்கிப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது.

‘முழு செட்’ என்று சொன்னால் அதைச் சரிபார்க்க ரீபிரிக்கபிள் என்னும் இணையத்தளம், பிரிக்லிங்க் இரண்டிலும் துண்டுப் பட்டியல் இருக்கிறது. எல்லாத்தையும் எண்ண நேரமில்லையென்றால் மினிஃபிகர் மனிதர்களை மட்டுமாவது சரிபாருங்கள். பெரும்பாலும் செட்டின் விலையில் கணிசமான பங்கு அவர்களிடம்தான் இருக்கிறது, முதலில் காணாமல் போவதும் அவர்கள்தான். தலையும் உடலும் வேறு வேறு செட்டிலிருந்து சேர்த்து விற்பதும் உண்டு.

நேரில் வாங்குவதென்றால் பட்டணத்துப் பெட்ரோல் நிலையம் போல வெளிச்சமும் கேமராவும் உள்ள இடம். தோட்டத்துக்குள் வரச் சொல்லாதீர்கள், நீங்களும் அவர் வீட்டுக்குள் போகாதீர்கள்.

கிலோ கணக்கில் கலவையாக விற்பதை எடுத்தால் கழுவுங்கள். 40 டிகிரிக்கு மேல் சூடான நீர் ஆகாது, துணி துவைக்கும் இயந்திரம் ஆகாது. வாளியில் வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, அரை மணி நேரம் ஊறல், அலசல். நிழலில் காற்றாடியின் கீழ் துணியில் பரப்பி உலர்த்துங்கள். மொட்டை வெயிலில் காய வைத்தால் மேலே சொன்ன மஞ்சள் நோயை நீங்களே வரவழைக்கிறீர்கள். ஒட்டுப்படம் ஒட்டிய துண்டுகளும் மோட்டார்களும் நீருக்குள் போகக் கூடாது.

8. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க

பிரிக்லிங்க்கில் தேடும்போது விற்பவரின் நாட்டை முதலில் மலேசியா, பிறகு சிங்கப்பூர் என்று வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் ஒரு துண்டு 10 சென் என்று கண்டு மயங்க வேண்டாம், அனுப்பும் செலவு அறுபது எழுபது ரிங்கிட் ஆகலாம். தேவையானவற்றைத் தேவைப்பட்டியலில் சேர்த்து, எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும் வரை காத்திருப்பதுதான் சிக்கனம். பல கடைகளில் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும், அதைப் படியுங்கள். பணம் பெரும்பாலும் பேபால் வழியாகப் போகும், நாணய மாற்றில் தனியாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள்.

வரிக் கணக்கு இது. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற பெரிய தளங்கள் பணம் கட்டும்போதே இதைச் சேர்த்துவிடும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவாக இங்கே விற்கும் சிறு விற்பனையாளர் பதிவு செய்யத் தேவையில்லை, ஆகவே அவர் வசூலிக்க மாட்டார். 500ஐத் தாண்டினால் பொருள் சுங்கத்தில் நிற்கும், வரியும் கையாளும் கட்டணமும் கட்டிய பிறகே வெளியே வரும். எல்லைக்கு மிக அருகில், 480, 490 என்று ஆர்டர் போடாதீர்கள். நாணய மாற்று விகிதம் ஒரு நாளில் உங்களைத் தள்ளிவிடும்.

‘பரிசு என்று எழுது, விலையைக் குறைத்துப் போடு’ என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். 1967ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி பொய் அறிவிப்பு குற்றம். அதோடு, பெட்டி தொலைந்தால் அறிவித்த விலைக்குத்தான் இழப்பீடு. சுங்கம் ரசீதைக் கேட்டால் பிரிக்லிங்க் ஆர்டர் பக்கம், பேபால் ரசீது இரண்டையும் அனுப்பத் தயாராக வைத்திருங்கள். சாதாரண அஞ்சலில் ஐரோப்பாவிலிருந்து மூன்று முதல் ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும். கண்காணிப்பு எண் இல்லாத மலிவு அஞ்சலைத் தேர்ந்தெடுத்தால், வரவில்லை என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

9. வீட்டில் வைப்பது

பிளாஸ்டிக்கைக் கரையான் தின்னாது, அட்டைப் பெட்டியைத் தின்னும். பெட்டிகளைத் தரையிலும் சுவரோடு ஒட்டியும் அடுக்காதீர்கள். மறுவிற்பனை எண்ணம் இல்லாதவர்கள் பெட்டியைத் தட்டையாக மடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கலாம். கையேடுகளும் அங்கேதான். அக்டோபர், நவம்பர் மழையில் பூஞ்சை முதலில் பிடிப்பது காகிதத்தைத்தான், ஒட்டுப்படங்களின் ஓரம் சுருள்வதும் அப்போதுதான்.

கட்டிய செட்டுக்குக் கண்ணாடிக் கதவுள்ள அலமாரி செலவு போலத் தெரியும், ஆனால் பல்லி எச்சத்தை ஐநூறு குமிழ்களுக்கு நடுவிலிருந்து பல்குச்சியால் சுரண்டிய பிறகு அப்படித் தெரியாது. செம்பனை லாரிகள் ஓடும் சாலையோரம் என்றால் செம்மண் தூசிக்கும் அதுவே மருந்து. மேற்கு நோக்கிய சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். மின்கலம் போடும் செட் என்றால் காட்சிக்கு வைக்கும்போது மின்கலத்தை எடுத்துவிடுங்கள், கசிந்தால் மோட்டாரே போச்சு.

உதிரித் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள், வடிவம் பார்த்துப் பிரியுங்கள். கறுப்புக் குவியலில் ஒரு சிறிய கறுப்புத் துண்டைத் தேடிப் பார்த்தால் காரணம் புரியும்.

10. தகராறு வந்தால் எங்கே போவது

தளத்தில் வாங்கியது என்றால் முதலில் தளத்தின் திருப்பித் தரும் பகுதி. காணொளி, பக்கத்தின் படம், உரையாடல் மூன்றையும் ஒரே தடவையில் பதிவேற்றுங்கள், தவணை முறையில் அனுப்பினால் கோப்பு மூடப்படும் ஆபத்து உண்டு. விற்பவர், ‘புகாரை எடுத்துவிடுங்கள், பாதித் தொகை தருகிறேன்’ என்றால் தொகை கைக்கு வரும்வரை எடுக்காதீர்கள்.

பணம் மோசடிக் கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் நேரம்தான் எல்லாம். உடனே உங்கள் வங்கியை, அல்லது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் தடுக்க அதுவே வாய்ப்பு. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்: அடையாள அட்டை, பணம் கட்டிய ரசீது, உரையாடலின் அச்சுப் பிரதி. கைத்தொலைபேசியைக் காட்டினால் போதும் என்று போகாதீர்கள், பட்டணத்தில் அச்சுக் கடை மூடும் முன் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடை ஒன்று பொருளும் தராமல் பணமும் தராமல் இழுத்தடித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. முதலாம் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். கடையின் பதிவுப் பெயரும் முகவரியும் வேண்டும், அவை பெரும்பாலும் ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். ஆனால் இது வியாபாரிகளுக்கு எதிராகத்தான். தன் பழைய செட்டை விற்ற தனியாள் மேல் இங்கே வழக்குப் போட முடியாது, அவருக்குக் காவல் நிலையமும் சாதாரண நீதிமன்றமும்தான்.